ஹன்யு மாதிரி ஒரு ஃபிகர் ஸ்கேட்டிங் சாம்பியன் எப்படி உருவாகிறார்? சென்னைக் குழந்தை எங்கிருந்து தொடங்கலாம்?

உங்கள் கேள்வி இது: மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. இரண்டு வருடமாக செனாய் நகர் பக்கம் ரோலர் ஸ்கேட்டிங் போகிறாள். இரண்டு முறை ஒலிம்பிக் தங்கம் வாங்கிய ஜப்பானிய ஸ்கேட்டர் யுசுரு ஹன்யுவின் வீடியோக்களைப் பார்த்ததிலிருந்து ஐஸில் ஆட வேண்டும் என்று கேட்கிறாள். ஒரு சாம்பியனின் பாதை எப்படிப் போகும், சென்னையில் இருந்துகொண்டு எதுவரை முடியும்?

இந்த விளையாட்டில் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகக் கணக்கில் வருவது ஐஸில் நின்ற நேரம். பூட், காஸ்ட்யூம், கோச்சின் பெயர் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஹன்யுவின் வாழ்க்கையையே அந்தக் கண்ணோடு பாருங்கள்.

1994 டிசம்பரில் ஜப்பானின் செண்டாய் நகரில் பிறந்தவர். அக்கா ஸ்கேட்டிங் போகிறாள் என்று நான்கு வயதில் பின்னாலேயே போனவர். அவருக்குப் பத்து வயது இருக்கும்போது அவர் பழகிய ரிங்க்கை (ஐஸ் தளத்தை) நடத்தப் பணமில்லாமல் மூடிவிட்டார்கள். பயிற்சி நேரம் சட்டென்று சுருங்கியது. அதே ஊரில் பயின்ற ஷிசுகா அரகாவா 2006 டுரின் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கி, ரிங்க் திரும்ப வேண்டும் என்று குரல் கொடுத்த பிறகு 2007-ல் அது மீண்டும் திறந்தது. 2010-ல் ஹன்யு உலக ஜூனியர் சாம்பியன், வயது 15. அடுத்த மார்ச் 11-ல் பெரும் நிலநடுக்கம் வந்தபோது அவர் ஐஸில்தான் இருந்தார். ஸ்கேட்டைக் கழற்றக்கூட நேரமில்லாமல் அப்படியே வெளியே ஓடினார். ரிங்க் சேதமாகி மூடியது. அந்தக் கோடையில் ஊர் ஊராகப் போய் சுமார் அறுபது ஐஸ் ஷோக்களில் ஆடினார். ஒத்திகைக்குக் கிடைக்கும் ஐஸ்தான் அவருக்குப் பயிற்சிக்கான ஐஸ். அடுத்த வருடம் நீஸ் நகரில் உலகப் போட்டியில் வெண்கலம்.

சொந்த ஊர் ரிங்க்கை இரண்டு முறை இழந்த பையன் அவர். இரண்டு முறையும் ஐஸ் இருக்கும் இடம் தேடிப் போனார். சென்னைக் குடும்பத்துக்கு அவர் வாழ்க்கையில் மிகவும் உதவக்கூடிய பகுதி இதுதான் என்பது என் எண்ணம்.

2012-ல் டொராண்டோவுக்கு, பிரையன் ஓர்சரிடம் போனார். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் தென்கொரியாவின் யூனா கிம் 228.56 புள்ளியில் தங்கம் வாங்கியபோது கூட இருந்த கோச் ஓர்சர்தான். ஹன்யுவுக்குத் தாவல்கள் ஏற்கெனவே கைவசம் இருந்தன. டொராண்டோவில் அதிகம் மெருகேறியது எட்ஜும் ஓட்டமும். இது ஏன் முக்கியம் என்று புரிய, பிளேடைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

பிளேடின் அகலம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். அடிப்பகுதி தட்டையாக இருக்காது. நீளவாக்கில் நடுவே ஒரு சிறு பள்ளம் ஓடும். அதனால் உள்பக்கம் ஒரு விளிம்பு, வெளிப்பக்கம் ஒரு விளிம்பு. இவற்றைத்தான் இன்சைட் எட்ஜ், அவுட்சைட் எட்ஜ் என்கிறோம். பக்கவாட்டில் பார்த்தால் பிளேடு மெல்ல வளைந்திருக்கும், ஒரு நேரத்தில் சில சென்டிமீட்டர்தான் ஐஸைத் தொடும். முன்னால் பல் பல்லாக இருப்பது டோ பிக்.

இப்போது லட்ஸ் தாவலை வீடியோவில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். இடதுகால் பின்னோக்கி, அவுட்சைட் எட்ஜில் நீண்ட வளைவாக வரும். வலதுகால் டோ பிக்கைக் குத்தி எழும்பும்போது, வந்த வளைவுக்கு எதிர்த்திசையில் உடம்பு சுழல வேண்டும். கஷ்டம் அங்கேதான். பயந்த கணுக்கால் கடைசி நொடியில் உள்பக்கம் சாய்ந்துவிடும், எட்ஜ் மாறிவிடும். பார்ப்பவருக்குத் தாவல் அழகாகவே தெரியும். ஆனால் டெக்னிக்கல் பேனல் ரீப்ளேயில் பார்த்து எட்ஜ் தவறு என்பதற்கான ‘ஈ’ குறி போட்டால் அடிப்படைப் புள்ளியே குறைகிறது. ஒன்பது, பத்து வயதில் ஒட்டிக்கொள்ளும் இந்தப் பழக்கத்தைப் பதினாறு வயதில் விடுவிப்பது பெரும்பாடு. அதனால்தான் நல்ல கோச் ஒருவர் சின்னக் குழந்தையைத் தாவ விடாமல் மாதக்கணக்கில் அரைவட்டம் போட வைப்பார். பணம் வீணாகிறது என்று பெற்றோர் பொறுமை இழக்கும் கட்டமும் அதுதான். பொறுத்திருங்கள்.

மதிப்பெண் முறை தெரிந்தால் சாம்பியன்கள் எடுக்கும் முடிவுகள் விளங்கும். 2002 சால்ட் லேக் ஒலிம்பிக் ஜோடிப் பிரிவில் நடந்த தீர்ப்புச் சர்ச்சைக்குப் பிறகு, பழைய 6.0 முறை போய் இன்றைய முறை வந்தது. ஒவ்வொரு தாவலுக்கும் சுழற்சிக்கும் ஓர் அடிப்படை மதிப்பு உண்டு. அதன் தரத்துக்கு நடுவர்கள் மைனஸ் 5 முதல் ப்ளஸ் 5 வரை போடுவார்கள்; ஒவ்வொரு படியும் அடிப்படையில் பத்து சதவீதம் கூட்டும் அல்லது குறைக்கும். இதற்குமேல் நடன அமைப்பு, வெளிப்பாடு, ஸ்கேட்டிங் திறன் மூன்றுக்கும் தனி மதிப்பெண்.

ஒரு கணக்குப் போடுவோம். சால்கோ என்பது ஒரு தாவல் வகை; குவாட் என்றால் காற்றில் நான்கு சுற்று, டிரிப்பிள் என்றால் மூன்று. 2018-ல் வந்த அட்டவணைப்படி குவாட் சால்கோ 9.70, டிரிப்பிள் சால்கோ 4.30. குவாடை முழுதாகச் சுற்றி விழுந்தால் பாதி போய் 4.85. விழுந்ததற்கு 1 கழித்தால் 3.85. சுத்தமாக இறக்கிய டிரிப்பிளுக்கு அது கிட்டத்தட்ட சமம். ஆனால் சுற்று கால் பங்குக்கு மேல் குறைந்து விழுந்தால் அடிப்படையே 7.76 ஆகி, கையில் நிற்பது 2.88. அரைச் சுற்றோ அதற்கு மேலோ குறைந்தால் அது டிரிப்பிளாகவே கணக்காகும், 1.15 தேறும். ஆகவே முழுதாகச் சுற்றி விழுவதைவிட, சுற்று குறைந்து விழுவதுதான் பெரிய நஷ்டம்.

2014 சோச்சி ஒலிம்பிக்கில் விதிகளின் எண்கள் வேறு, தர்க்கம் இதேதான். போட்டி இரண்டு பகுதி, முதலில் குறுநிகழ்ச்சி, பிறகு நெடுநிகழ்ச்சி. குறுநிகழ்ச்சியில் ஹன்யு 101.45 எடுத்தார், நூறைத் தாண்டிய முதல் ஆள். நெடுநிகழ்ச்சியில் குவாட் சால்கோவிலும் டிரிப்பிள் ஃபிளிப்பிலும் விழுந்தார். மொத்தம் 280.09, கனடாவின் பேட்ரிக் சான் 275.62. இரண்டு தடவை விழுந்தவருக்கா தங்கம் என்று பலர் கேட்டார்கள். முந்தைய நாளின் முன்னிலையும் மற்ற தாவல்களின் மதிப்பும் அவரைத் தாங்கின.

அதற்குப் பிறகு வந்த உச்சங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை: 2015 டிசம்பரில் பார்சிலோனாவில் மொத்தம் 330.43, 2016-ல் மாண்ட்ரியலில் போட்டியில் முதன்முதலாக அங்கீகரிக்கப்பட்ட குவாட் லூப், 2017 ஹெல்சின்கியில் ஐந்தாம் இடத்திலிருந்து எழும்பி, நெடுநிகழ்ச்சியில் மட்டும் 223.20 எடுத்து உலகப் பட்டம். இவற்றைவிட நான் உங்களைப் பார்க்கச் சொல்வது 2017 நவம்பரை. ஜப்பானில் நடக்கும் என்ஹெச்கே டிராஃபி போட்டிக்கான பயிற்சியில் குவாட் லட்ஸ் போட்டு வலது கணுக்கால் தசைநார் பாதிக்கப்பட்டது. ஒரு போட்டிகூட இடையில் ஆடாமல் மூன்று மாதம் கழித்து பியோங்சாங் ஒலிம்பிக்கில் இறங்கினார். குவாட் லட்ஸ், குவாட் லூப் இரண்டையும் ஒதுக்கிவிட்டு, சால்கோவையும் டோ லூப்பையும் நம்பித் திட்டமிட்டார். 317.85-ல் தங்கம். ஆண்கள் பிரிவில் அடுத்தடுத்த ஒலிம்பிக் தங்கம், 1948, 1952-ல் டிக் பட்டனுக்குப் பிறகு அவர்தான். எதை விடுவது என்று தெரிந்ததால் வந்த வெற்றி அது. எட்ஜும் ஓட்டமும் அந்தத் தரத்தில் இருந்ததால்தான் விட முடிந்தது.

2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் குறுநிகழ்ச்சியின் முதல் தாவலில், ஐஸில் இருந்த குழியில் பிளேடு சிக்கி, தாவல் எழவேயில்லை. நெடுநிகழ்ச்சியில் யாரும் போட்டியில் செய்திராத குவாட் ஆக்செலை முயன்று விழுந்தார். நான்காம் இடம். அந்த ஜூலையில் போட்டிகளை விட்டு, தொழில்முறை ஐஸ் ஷோக்களுக்குப் போனார். 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் இலியா மாலினின், 17 வயதில், குவாட் ஆக்செலைப் போட்டியில் இறக்கிக் காட்டினார். மற்ற ஐந்து தாவல்களும் பின்னோக்கிக் கிளம்புபவை, ஆக்செல் மட்டும் முன்னோக்கி. அதனால் குவாட் ஆக்செல் என்றால் நாலரைச் சுற்று.

இப்போது வயதுக்கு வருவோம். பெரிய சாம்பியன்கள் பெரும்பாலும் நான்கிலிருந்து ஏழு வயதுக்குள் ஐஸில் இறங்கியவர்கள். ஒற்றை ஆக்செல் ஒன்பது பத்தில், டிரிப்பிள்கள் பதினொன்று முதல் பதின்மூன்றுக்குள் வருவது வழக்கம். சர்வதேச ஜூனியர் போட்டிக்கு 13 நிறைந்திருக்க வேண்டும். சீனியருக்கு முன்பு 15 போதும். சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் 2022-ல் முடிவெடுத்து அதைப் படிப்படியாக 17 ஆக்கியது. இரண்டுக்கும் கணக்கு அந்த சீசன் தொடங்கும் ஜூலை 1 தேதிக்குத்தான். இந்த மாற்றம் தாமதமாகத் தொடங்கும் குழந்தைகளுக்கு நல்லது. எட்டில் தொடங்கி உலகப் பட்டம் என்பது மிக அரிது, அதை மறைக்க மாட்டேன். எட்டில் தொடங்கி தேசிய அளவில் நன்றாக ஆடுவதும், இந்தியாவுக்காக வெளிநாட்டுப் போட்டிக்குப் போவதும் நடக்கக்கூடியவை. அமெரிக்காவில் பிறந்து வளர்ந்து இந்தியாவுக்காக ஆடும் தாரா பிரசாத் 2025 ஹார்பின் ஆசியக் குளிர்கால விளையாட்டில் எட்டாம் இடம் வந்தார்.

சென்னையில் 60-க்கு 30 மீட்டர் அளவுள்ள நிரந்தர ஐஸ் ரிங்க் இல்லை. பனிப் பூங்காக்களில் இருப்பது விளையாட மட்டுமே உதவும். பயிற்சிக்கு ஏற்ற இடங்கள் வடக்கே: குருகிராம் ஆம்பியன்ஸ் மாலில் உள்ள ஐஸ்கேட் (சிறியது), டேராடூன் மகாராணா பிரதாப் விளையாட்டுக் கல்லூரி வளாகத்தில் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காகக் கட்டி, நெடுநாள் மூடிக்கிடந்து 2025-ல் மறுபடி உயிர்பெற்ற முழு அளவு ரிங்க். டிக்கெட் எடுக்கும் முன் அந்த மாதம் ஐஸ் இருக்கிறதா, ஃபிகர் ஸ்கேட்டிங்குக்குத் தனி நேரம் தருகிறார்களா என்று போன் செய்து கேளுங்கள். பொது நேரத்தில் கூட்டத்துக்கு நடுவே பின்னோக்கி ஓட விட மாட்டார்கள்.

சென்னையில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. முதலில், மகள் போவது எந்த ரோலர் வகுப்பு என்று பாருங்கள். இங்கே பெரும்பாலான கிளப்களில் ஸ்பீடு ஸ்கேட்டிங்தான். அதில் சென்னை உலகத் தரம். 2025-ல் ஆனந்த்குமார் வேல்குமார் இன்லைன் ஸ்பீடு ஸ்கேட்டிங்கில் உலக சாம்பியன் ஆனார். ஆனால் ஸ்பீடில் உடம்பு குனிந்தே இருக்கும், திருப்பம் எப்போதும் இடப்பக்கமே. ஃபிகருக்கு முதுகு நிமிர வேண்டும், இரண்டு பக்கமும் சமமாகத் திரும்ப வேண்டும், பின்னோக்கி ஓடுவது முன்னோக்கி ஓடுவதுபோல் இயல்பாக வர வேண்டும். சக்கரத்தில் ஃபிகர் போல ஆடும் ஆர்ட்டிஸ்டிக் பிரிவு கற்றுத்தரும் கோச்சைத் தேடுங்கள். இன்லைன் ஃபிகர் ஃபிரேம் என்று ஒன்று உண்டு: சக்கரங்கள் நேர்கோட்டில் இல்லாமல் பிளேடு போல லேசான வளைவில் இருக்கும், முன்னால் டோ பிக் வேலையைச் செய்யும் ஸ்டாப்பர். ஐஸுக்கு மிக நெருக்கமான பயிற்சி அதுதான். தரை வழுவழுப்பாக இருக்க வேண்டும். வெயில் ஏறும் முன், காலை ஆறு மணிக்கே முடித்துவிடுங்கள்.

வீட்டில், எந்தப் பக்கம் சுழல்வது அவளுக்கு இயல்பு என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஒன்றும் சொல்லாமல், நின்ற இடத்தில் ஒரு சுற்றுக் குதிக்கச் சொல்லுங்கள். ஐந்தாறு முறையில் தெரிந்துவிடும். இடப்பக்கம் சுழல்பவர் வலதுகாலில் இறங்க வேண்டும். அரைச் சுற்று, பிறகு முழுச் சுற்று. ஒற்றைக் காலில் இறங்கி, முழங்கால் மடங்கி, மூன்று எண்ணும்வரை அசையாமல் நிற்க வேண்டும். நிற்க முடியவில்லை என்றால் சுற்றைக் கூட்டக் கூடாது. இந்த வயதில் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தாவல் போதும். மொட்டை மாடி சிமெண்டில் வேண்டாம். மண் தரையிலோ ரப்பர் மேட்டிலோ செய்யட்டும். ஸ்கிப்பிங் கயிறு தினமும் பத்து நிமிடம். பரதநாட்டியம் போகிறாள் என்றால் தொடரட்டும், அரைமண்டியில் வரும் தொடை வலுவும் தாளக் காதும் ஐஸில் நேரடியாகக் கைகொடுக்கும். ஆனால் அடவு வகுப்பையும் தாவல் பயிற்சியையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். வளரும் குழந்தைக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முண்டில் வலி வருவது பெரும்பாலும் இப்படிச் சேர்ந்த அடியால்தான்.

ஐஸுக்குப் போவதைக் கோடை விடுமுறையில் மூன்று நான்கு வாரம், அரையாண்டு விடுமுறையில் ஒரு வாரம் என்று அமையுங்கள். வருடம் முழுக்க சனி ஞாயிறு பறப்பதைவிட இது பலன் தரும். ஐஸின் பழக்கம் தொடர்ச்சியாக வந்தால்தான் காலில் தங்கும். முதல் வாரம் நாளுக்கு ஒரு மணி நேரம், இரண்டாம் வாரத்திலிருந்து இரண்டு. வந்ததே வந்தோம் என்று முதல் நாளே நான்கு மணி நேரம் வாங்குகிறவர்கள் மூன்றாம் நாள் கொப்புளத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். ரோலரிலிருந்து வரும் குழந்தைகளுக்கு இரண்டு சிக்கல் வரும். நுனிக்காலால் தள்ளினால் டோ பிக் சிக்கி முகம் குப்புற விழுவார்கள். பிளேடின் பக்கத்தால் தள்ளப் பழக வேண்டும். குதிகாலில் பிரேக் தேடிப் பின்னால் சாய்ந்தால் மல்லாந்து விழுவார்கள். முதல் நாள் பாடம் விழவும் எழவும் பழகுவது. கையுறை கட்டாயம், குளிருக்காக மட்டுமல்ல, விழுந்த கையை இன்னொருவர் பிளேடிலிருந்து காக்கவும்.

பூட்டில் எல்லோரும் செய்யும் தவறு, வளர்வாள் என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்குவது. குதிகால் உள்ளே தூக்கினால் எட்ஜ் ஒருபோதும் நிற்காது. காகிதத்தில் நிற்க வைத்து இரண்டு பாதத்தையும் வரைந்து, அளவை கம்பெனியின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். விரல் நுனிக்கு முன் அரை சென்டிமீட்டருக்கு மேல் இடம் வேண்டாம். அடுத்த தவறு, சாம்பியன் போடும் கெட்டியான பூட்டைச் சின்னக் குழந்தைக்கு வாங்குவது. அவள் எடைக்கு அது மடங்காது. கணுக்கால் வேலை செய்யாமலே பழகிவிடும். ஆரம்ப நிலை பூட்டும் பிளேடும் சேர்ந்து சுமார் 15,000 முதல் 25,000 ரூபாய்க்குள் முடியும். உச்ச நிலையில் ஒரு ஜோடி ஒரு லட்சத்தைத் தாண்டும்.

தெருவில் சாணை பிடிப்பவரிடம் பிளேடைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். நடுப்பள்ளம் மழுங்கித் தட்டையாகிவிடும், வளைவும் போய்விடும். அதன்பின் அது குப்பைக்குத்தான். ஃபிகர் பிளேடுக்கென்று மெஷின் உள்ள ரிங்க்கிலேயே, இருபது முதல் நாற்பது மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை பிடிக்கச் சொல்லுங்கள். டோ பிக்கின் கீழ்ப்பல்லைத் தேய்க்க வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் கார்பன் ஸ்டீல் பிளேடு சில நாளில் துருப்பிடிக்கும். பிளேடின் மேல் மாட்டும் பிளாஸ்டிக் கார்டு (guard) ஐஸுக்கு வெளியே நடந்து போக மட்டும். அதை மாட்டியே பைக்குள் வைத்தால் உள்ளே ஈரம் நின்று எட்ஜை அரிக்கும். துணியால் துடைத்து, திருகாணிப் பக்கமும் ஒற்றி, துணி உறை போட்டு வையுங்கள். பூட்டைப் பீரோவில் பூட்டாமல் மின்விசிறிக்கடியில் காயவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் பூஞ்சை வராது.

பதினொன்றிலிருந்து பதினான்குக்குள் உயரமும் எடையும் மாறும்போது வந்த தாவல்கள் காணாமல் போகும். இது இயல்பு, ஒரு வருடம் பொறுத்தால் திரும்பும். அந்தச் சமயத்தில் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லும் கோச்சிடமிருந்து குழந்தையை அன்றே கூட்டி வந்துவிடுங்கள். ரஷ்யாவின் யூலியா லிப்னிட்ஸ்காயா 15 வயதில் சோச்சி அணிப் பிரிவில் தங்கம் வாங்கியவர். சாப்பிட மறுக்க வைக்கும் அனோரெக்ஸியா நோய்க்குச் சிகிச்சை பெற்று, 2017-ல் பத்தொன்பது வயதில் விளையாட்டையே விட்டார்.  கவனிக்க வேண்டியது முன்கால் எலும்பிலும் கீழ்முதுகிலும் விடாமல் வரும் வலி, நின்றுபோகும் மாதவிடாய் இரண்டையும்தான். பயிற்சியை நிறுத்தி விளையாட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடைசியாகப் படிப்பு. உலக ஜூனியர் போட்டி பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ வரும். நம் பொதுத்தேர்வும் மார்ச்தான். ஜூனியராக உச்சத்தில் இருக்க வேண்டிய 15, 17 வயதுகளில்தான் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் வரும். அதனால் முடிவை எட்டாம் வகுப்பு முடியும்போதே எடுக்க வேண்டும். அப்போது அவளிடம் சுத்தமான டபுள் ஆக்செலும் ஒரு டிரிப்பிளும் இருந்து, அவளே இன்னும் கேட்கிறாள் என்றால், ரிங்க் இருக்கும் ஊருக்குக் குடும்பத்தில் ஒருவர் கூடப்போய் இருப்பதையும், தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பதிவதையும் பற்றிப் பேசலாம். அவை இல்லையென்றால் பள்ளியை மாற்ற வேண்டாம். விடுமுறை ஐஸும் தேசியப் போட்டியும் போதும், சென்னையில் ஆர்ட்டிஸ்டிக் ரோலரும் தொடரட்டும்.